ஏழு சிவப்புக் கொடிகள்

14-2-1977, திங்கள்

இன்று அபு சயீத் என்னைப் பைத்தியக்காரன் என்று வாயால் சொல்லவில்லை. அந்த வரைக்கும் மரியாதை. பார்வையால் சொல்லிவிட்டார்.

போன வாரம் துபாய் தேரா ஆபீஸில் ஏ.சி. அறையில் உட்கார்ந்துகொண்டு எங்கள் வெள்ளைக்காரத் துரை ஒரு புதுத் திட்டத்தை என் தலையில் கட்டினார். அவீர் பக்கத்துப் பண்ணைகளில் பாசனத் தண்ணீர் வழிந்து தேங்கும் குட்டைகளில் நீர்ப்பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றனவாம். சுற்றிலும் மணல். அவற்றுக்குப் போக வேறு இடம் இல்லையாம். ஆகையால் மார்ச் முதல் ஜூன் வரை விவசாயிகள் குட்டையை மூடக் கூடாது, கரைப் புல்லை அறுக்கக் கூடாது. அதற்கு அவர்களைச் சம்மதிக்க வைக்க வேண்டியது நான். "உனக்குத்தான் விவசாயிகளிடம் பழக்கம், சிவா" என்றார். சிவசங்கரன் என்று முழுதாகச் சொல்ல அவருக்கு நேரமில்லை.

என்ன பழக்கம்? கோயம்புத்தூரில் நான் படித்தது நெல். இங்கே வந்து இரண்டு வருஷமாகப் பார்ப்பது குதிரைமசால். ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் அறுத்துப் போடுகிற பச்சைத் தீவனம். பறவையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அதைவிட மோசம், போன வருஷம் இதே அபு சயீதிடம் அவர் பண்ணைக் குட்டையைக் காட்டி, "உப்பு ஏறுது, கொசு வருது, மூடிடுங்க" என்று அரை நாள் பிரசங்கம் செய்தது யார்? நான்தான். பாவம் மனுஷன், அதைக் கேட்டு மணலை லாரியில் கொண்டுவந்து கரையில் குவித்து வைத்திருக்கிறார். டிராக்டர் ரிப்பேர் என்பதால் இன்னும் தள்ளவில்லை. இன்று போய், மூடாதீர்கள் என்றேன்.

எனக்காகப் பேசியவர் நெய்னா முகம்மது. கீழக்கரைக்காரர். அவீர் திருப்பத்தில் மளிகைக் கடை வைத்திருக்கிறார், பதினைந்து வருஷ அரபி. அபு சயீத் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். தாடியைத் தடவினார். பிறகு ஒரே ஒரு கேள்வி. நெய்னா பாய் தயங்கித் தயங்கித்தான் தமிழில் சொன்னார்: "சார், தப்பா நினைக்காதீக. போன வருசம் வந்தது நீங்களா, இல்லே உங்க அண்ணனாண்டு கேக்குறாக."

16-2-1977

ஷியாமளா: "நெல் ஆபீசர்னு சொல்லித்தானே எங்கப்பாகிட்ட பொண்ணு கேட்டீங்க?"

இன்னொரு கரண்டி சாதம் போட்டுக்கொண்டேன்.

26-2-1977, சனி

எட்டுப் பண்ணைகளும் பார்த்தாயிற்று. நான்கில் குட்டையே இல்லை. என் பேச்சைக் கேட்டு மூடிவிட்டார்கள். அவ்வளவு நல்ல மனிதர்கள். போன வருஷம் அதை மெச்சி ஆபீஸுக்கு எழுதியிருக்கிறேன். மூன்றில் இப்போதே சேறுதான், ஏப்ரலில் காய்ந்துவிடும். வருஷம் பூராவும் தண்ணீர் நிற்பது அபு சயீதின் குட்டையில் மட்டும். குதிரைமசால் வயலின் கடைமடை, பள்ளம், ஓரத்தில் கொஞ்சம் நாணல். அது போனால் இந்தப் பக்கத்தில் பறவை கால் வைக்கச் சொட்டுத் தண்ணீர் இருக்காது.

துரைக்கு ஃபோன் செய்து சொன்னேன். "அப்படியானால் அது மிக முக்கியமான குட்டை" என்றார். கண்டுபிடித்துவிட்டார்.

10-3-1977, வியாழன்

பறவைகள் வந்துவிட்டன. நெடுங்கால் உள்ளான். கறுப்பு இறக்கை, வெள்ளை உடம்பு, நம்ப முடியாத நீளத்துக்குச் சிவப்புக் கால். பென்சில் மேல் உட்கார வைத்த மாதிரி இருக்கிறது. அழகுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பக்கத்தில் போனால் என்ன கத்தல். கிக்-கிக்-கிக் என்று தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்து, காது ஓட்டையாகும் வரை. உன்னைக் காப்பாற்றத்தான் வந்திருக்கிறேன், சனியனே.

அபு சயீதிடம் இன்று புது வாதம்: பறவை கொசுப் புழுவைத் தின்னும். அவர் கேட்டார், குட்டையை மூடினால் கொசு எங்கிருந்து வரும்? நெய்னா பாய் சிரிப்பை அடக்க இருமினார். அடுத்த வாதம்: அந்த மூலை உப்பு, மூடினாலும் குதிரைமசால் வராது. "அப்போ ஏன் போன வருசம் வரும்னீக?" — நியாயமான கேள்வி.

ஒரே ஆறுதல், டிராக்டருக்கு வேண்டிய பாகம் கராச்சியிலிருந்து கப்பலில் வர வேண்டும். அது வருகிறவரை மூட மாட்டார். டிராக்டர் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டிய உத்தியோகஸ்தன் நான். அந்தக் கப்பல் தாமதமாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தேன்.

22-3-1977

ரேடியோவில் நம் நாட்டுத் தேர்தல் முடிவு. பர் துபாய் முழுக்க அதே பேச்சு. ஷியாமளா ரேடியோவை விட்டு நகரவில்லை. சாப்பாடு, தயிர் சாதம்.

2-4-1977, சனி

ஏழு கூடுகள்! கூடு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. கரைச் சேற்றில் ஒரு குழி, நாலு புல் துண்டு, நாலு முட்டை. மண் நிறத்திலேயே முட்டை. அருகில் போய் நின்றாலும் தெரியாது. நான் ஒன்றை மிதித்திருப்பேன்.

பயம் இதுதான்: அறுப்பு ஆட்கள் வரிசையாக அறுத்துக்கொண்டு குட்டைப் பக்கம் வருகிறார்கள். நாலு நாளில் கரைக்கு வந்துவிடுவார்கள். அவர்களுக்கு முட்டை எங்கே தெரியப்போகிறது?

யோசித்து ஒரு காரியம் செய்தேன். கல்லூரிச் சோதனை வயலில் நாற்றுப் பாத்திகளுக்குக் கொடி நட்டு அடையாளம் வைப்போமே, அதே மாதிரி. மீனா பஜாரில் சிவப்புத் துணி வாங்கி ஷியாமளாவிடம் கொடுத்துக் கிழித்துத் தைக்கச் சொன்னேன். ஏழு குச்சி, ஏழு கொடி. ஒவ்வொரு கூட்டுக்கும் இரண்டடி தள்ளி ஒன்று. அபு சயீத் ஷார்ஜாவில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். ஆட்களிடம் இந்தியில் சொன்னேன்: கொடி இருக்கிற இடத்தில் கை வைக்காதே, பாய். அச்சா, அச்சா என்றார்கள்.

இத்தனை நாளில் முதல் முறையாக ஒரு வேலையை உருப்படியாகச் செய்த நினைப்பு.

9-4-1977, சனி

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

ஒரு வாரம் ஆபீஸில் பிடித்து வைத்துவிட்டார்கள். இன்று போய்ப் பார்த்தால் — பேரீச்சங்கன்று. ஏழு கொடியையும் சுற்றிச் சுற்றிப் பேரீச்சங்கன்று. குழி வெட்டி, குவித்து வைத்திருந்த மணலை மண்வெட்டியால் வாரிக் குட்டையில் பாதியைத் தூர்த்து, அதில் கன்று நட்டிருக்கிறார்கள். கொடி மட்டும் பத்திரம். ஒரு கொடியைக்கூடத் தொடவில்லை. நான் சொன்ன சொல் காப்பாற்றிவிட்டார்கள்!

ஐயோ, என்னய்யா இது, ஏன் இப்படிச் செஞ்சீங்கன்னு கத்திட்டேன். யாருக்கும் ஒண்ணும் புரியலை. அபு சயீத் மட்டும் சிரிச்ச முகமா வந்து கையைப் பிடிச்சுக் குலுக்குறார். முதல் தடவையா!

நெய்னா பாயை இழுத்துக்கொண்டு போய்க் கேட்டால் விஷயம் வருகிறது. இந்த ஊரில் இந்தச் சமயத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சியை யார் நடுகிறார்கள்? சர்வேக்காரர்கள். ரோடு போடுகிறவர்கள். எங்கு பார்த்தாலும் ரோடு வருகிறது. வயலில் ரோடு போனால் அரசாங்கம் மரத்துக்கு இவ்வளவு என்று நஷ்டஈடு கொடுக்கும். வெறும் குட்டைக்கு என்ன கொடுக்கும்? ஷார்ஜாவிலிருந்து வந்தவர் கொடியைப் பார்த்தார், அன்றே நடத் தொடங்கிவிட்டார். ரோடு தன் நிலத்தில் வருவதை அவருக்கு முன்கூட்டிக் காட்டிக்கொடுத்த பெரிய மனிதன் நான். அதனால்தான் கைகுலுக்கல்.

ஏழில் ஐந்து கூடு போயிற்று. நாணல் ஓரத்தில் இரண்டு மட்டும் மிச்சம்.

யாரைத் திட்டுவது? ஐந்து வருஷம் படித்த முட்டாளைத்தான்.

11-4-1977, திங்கள்

ரோடு இல்லை, பறவை என்று காலையிலிருந்து சொல்லித் தொண்டை வற்றிவிட்டது. நெய்னா பாய் சொல்கிறார்: "சார், நீங்க இல்லே இல்லேண்டு சொல்லச் சொல்ல, அவுகளுக்கு ஆமாண்டு உறுதியாகுது. ரோடு போடுறவுக எவுக மொதல்லேயே ஒத்துக்கிட்டாக?"

பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து, தன் வயலிலும் இரண்டு கொடி நடச் சொல்லிக் கெஞ்சினார். டப்பா நிறையப் பேரீச்சம்பழம் கொண்டுவந்திருந்தார்.

கடைசியில் ஏழு கொடியையும் பிடுங்கி, அபு சயீத் கண் முன்னால் முழங்காலில் வைத்து ஒடித்துப் போட்டேன். நெஞ்சில் கை வைத்து எனக்குத் தெரிந்த அரபியிலேயே சொன்னேன்: ரோடு மாஃபி. இங்கே ரோடு வராது. வந்தால் என்னைக் கேளுங்கள். பிறகு நாணல் ஓரத்துக்குக் கூட்டிப்போய் மிச்சமிருந்த முட்டையைக் காட்டினேன். குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். இதற்கா இவ்வளவு என்று பார்த்தாரா, என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டாரா, தெரியவில்லை. ஆனால் எழுந்து போய், மண்வெட்டியோடு நின்ற ஆட்களிடம் "கலாஸ்", முடிந்தது என்று ஒரு அதட்டல் போட்டார். அத்தோடு தூர்ப்பது நின்றது.

1-5-1977

இரண்டு கூட்டிலும் பொரித்துவிட்டன. ஏழு குஞ்சுகள். ஒரு முட்டை கூமுட்டை. வீட்டுக்கு வந்து ஷியாமளாவிடம் இரண்டு தடவை சொன்னேன். அவள் கிண்டல் செய்யவில்லை.

19-5-1977, வியாழன்

கடைக்குப் போனால் நெய்னா பாய் வாசலிலேயே நிற்கிறார். "சார், உங்க குருவி உத்தியோகம் பாத்துருச்சு!"

நடந்தது இது. நேற்று மதியம், எல்லோரும் தூங்குகிற நேரம், பக்கத்துப் பண்ணை ஆடுகள் வேலியைத் தாண்டி அபு சயீதின் குதிரைமசாலுக்குள் புகுந்துவிட்டன. வருஷாவருஷம் நடக்கிற அநியாயம். எழுந்து பார்க்கும்போது பாதி வயல் மொட்டையாகிவிடும். நேற்று ஆடு குட்டைப் பக்கம் வந்ததும் உள்ளான்கள் கத்திய கத்தலில் அபு சயீத் எழுந்துவிட்டார். செருப்புகூடப் போடாமல் ஓடி விரட்டிவிட்டாராம். வயலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கொசு, உப்பு, பட்சி சாஸ்திரம் என்று மூன்று மாதம் நான் கத்தினேன். ஒன்றும் ஏறவில்லை. அவை ஒரு மதியம் கத்தின. முடிந்தது.

இன்று அபு சயீதே கஹ்வாக் காப்பி ஊற்றிக் கொடுத்துக் கேட்டார்: இவை போய்விட்டால் மறுபடி எப்போது வரும்?

25-5-1977

டிராக்டர் பாகம் வந்து சேர்ந்ததாம். டிராக்டர் ஓடுகிறது. வயலில்தான். குட்டைப் பக்கம் போகவில்லை.

22-10-1977, சனி

குட்டையில் நட்ட கன்றுகளை அபு சயீத் பிடுங்கிவிட்டார். உப்பில் நுனி கருகிக்கொண்டிருந்தன, அது ஒரு காரணம். ஆனால் கருகாதவற்றையும் சேர்த்துத் தண்ணீர்த் தொட்டி ஓரத்துக்கு மாற்றிவிட்டார். கொட்டிய மணலையும் டிராக்டரால் இழுத்து வெளியே தள்ளியாயிற்று. நான் சொல்லவே இல்லை. ஏன் என்று கேட்டேன். நெய்னா பாய் மூலம் பதில் வந்தது: "ரோடு வராதுண்டு நீங்க சத்தியம் பண்ணீகளே. பின்னே மரம் எதுக்கு இங்கே? குருவிக்கு எடம் வேணுமுல்ல."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். துரைக்கு இரண்டு பக்கம் ரிப்போர்ட் எழுதினேன். 'விவசாயியின் முழு ஒத்துழைப்பு' என்று தலைப்பு.

17-1-1978

நாளை லீவில் திருச்சி. ஷியாமளா மூன்று நாளாகப் பெட்டி கட்டுகிறாள். உட்கார்ந்து பூட்ட வேண்டியிருக்கிறது, நான்தான் உட்காருகிறேன்.

12-3-1978, ஞாயிறு

நேற்றுதான் திரும்பினோம். இன்று முதல் வேலையாக அவீர்.

அபு சயீத் பண்ணை வாசலுக்கே வந்து என் தோளில் கை போட்டுக் குட்டைக்கு நடத்திப்போனார். முகமெல்லாம் பெருமை. குட்டையைச் சுற்றிப் பேரீச்ச மட்டையால் புதிதாக வேலி. ஆட்களைக் கிட்டே விடுவதில்லையாம். நல்ல தண்ணீர். உள்ளான்கள் வந்துவிட்டன, ஆறோ ஏழோ.

பிறகு அவர் கை காட்டிய இடத்தைப் பார்த்தேன். வேலிக்குள்ளே, குட்டைக்குக் குறுக்காக, ஒரே நேர்கோட்டில், சிவப்புத் துணி கட்டிய குச்சிகள்.

"இந்த வருசம் பறவைக்கு முந்தியே கொடி வந்துருச்சே, லீவுல இருந்தாலும் ஆள் அனுப்பி நட்டிருக்காரேண்டு அவுகளுக்கு ஒரே சந்தோஷம்" என்றார் நெய்னா பாய். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

நான் ஆள் அனுப்பவில்லை. குச்சியில் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர் எழுதியிருந்தது. கூட்டுக்கு யார் நம்பர் போடுவார்கள்? ரோடு. நிஜ ரோடு. ஒரு குச்சியைக்கூட ஆடு தட்டிவிடாமல் மனுஷன் வேலி போட்டுக் காத்திருக்கிறார்.

சொல்லவில்லை. கஹ்வா குடித்தேன், போதும் என்று கோப்பையை ஆட்டிக் காட்ட மறந்து ஊற்ற ஊற்றக் குடித்தேன். வந்துவிட்டேன். கோழை.

13-3-1978, திங்கள்

ஆபீஸில் விசாரித்தேன். உண்மைதான். கோடைக்கு அப்புறம் புல்டோசர். அதற்கு முன்னால் ஒரு நாள் வந்து மரம் எண்ணுவார்களாம். துரை "வருத்தமான விஷயம்" என்றார். அடுத்த வருஷத் திட்டம் கடலோரத்தில், நாரை பற்றி. அதில் விவசாயிகள் கிடையாது என்று ஆறுதல் வேறு.

என் ஆத்திரம் அவர் மேல் இல்லை. அந்த மனிதர் மரம் நட்டு வைத்திருந்தார்! அசட்டுக் காரணத்துக்கு நட்டாலும் கடைசியில் அதுதான் சரி. பிடுங்க வைத்தது என் வாக்கு. வந்தால் என்னைக் கேள்னு நெஞ்சில் கையை வெச்சுச் சொன்னேனே. யாரு கேட்டா என்னைய? எதுக்கு அப்படி வாயைக் கொடுத்தேன்?

ஷியாமளா எல்லாம் கேட்டுவிட்டு, "நீங்க சொல்லலைன்னா வேற எவனாவது சொல்லுவான். அது நல்லா இருக்காதுங்க" என்றாள்.

15-3-1978, புதன்

சொல்லிவிட்டேன்.

எனக்குத் தெரிந்த அரபி போதாது. நெய்னா பாய்தான் சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்றேன், ஒளியவில்லை. அபு சயீத் நெய்னா பாய்க்குக் கஹ்வா ஊற்றினார். எனக்கு ஊற்றினார். தனக்கு ஊற்றவில்லை. பிறகு ஏதோ கேட்டார். நெய்னா பாய் அதைச் சொல்லவே மாட்டேன் என்றார். வற்புறுத்தினேன்.

"இன்னைக்கு வந்திருக்குறது நீங்களா, உங்க அண்ணனாண்டு கேக்குறாக."

போன வருஷம் இதே கேள்விக்கு மனசுக்குள் சிரித்தேன். இன்று யாரும் சிரிக்கவில்லை.

நான் சொன்னேன்: இப்போதே கன்றுகளைத் திரும்ப நட்டுவிடுங்கள். கோடை முடிகிற சமயம்தான் எண்ண வருகிறார்கள், அதற்குள் வேர் பிடித்துவிடும். என் உத்தியோகத்தில் இருப்பவன் சொல்லக் கூடாத யோசனை. பரவாயில்லை. நானே வந்து நட்டுத் தருகிறேன் என்றேன்.

அவர் குட்டையைப் பார்த்தார். ஒரு உள்ளான் கரைச் சேற்றில் நெஞ்சை வைத்து அழுத்தி அழுத்திக் குழி பண்ணிக்கொண்டிருந்தது. "எத்தனை நாள்?" என்றார் நேராக என்னிடம். முட்டை பொரிக்க எத்தனை நாள். இட்ட பிறகு இருபத்தைந்து என்று விரலால் காட்டினேன்.

"கலாஸ்" என்றுவிட்டு பம்ப் பக்கம் நடந்துவிட்டார். என்னோடு பேச்சு முடிந்ததா, குட்டை முடிந்ததா? நெய்னா பாய்க்கும் தெரியவில்லை.

5-4-1978

போனேன். வேலி அப்படியே. ஒன்பது கூடு. ஒரு குழியும் வெட்டவில்லை. சலாம் சொன்னேன், பதில் சலாம் வந்தது. கஹ்வா இல்லை.

19-4-1978

அதே. கஹ்வா இல்லை.

2-5-1978, செவ்வாய்

இடது கையால் நோட்டைப் பிடிக்க முடியவில்லை. கன்றின் முள் ஏறிய விரலை ஷியாமளா ஊசியால் குடைகிறாள். அசையாதீங்க என்கிறாள். எழுதுகிறேன்.

கடைசிக் கூடு சனிக்கிழமை பொரித்தது. நேற்றே நெய்னா பாயின் கடைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார் அபு சயீத்: நட்டுத் தருகிறேன் என்று சொன்னவர் எங்கே, வரச் சொல். இன்று காலை ஆறு மணிக்கெல்லாம் போய்விட்டேன். கன்றுகள் தயாராகக் கிடந்தன. அவர் குழியில் மண் தள்ள, நான் கன்றைப் பிடித்தேன். இன்னும் அரையடி ஆழம் வேண்டும் என்றேன். கேட்கவில்லை. குச்சிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நட்டோம்.

பத்து மணி வாக்கில் கவனித்தேன், குட்டையில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. மடையைப் பார்த்தால் அடைத்திருக்கிறார். அதான் முடிந்தது என்று நினைத்தேன். முடியட்டும், அவர் நிலம்.

"தாஆல்" என்று கூப்பிட்டார். வயலைச் சுற்றிக் கிழக்கு மூலைக்குக் கூட்டிப்போனார். ரோட்டுக் குச்சிகளுக்கு வெகு தூரம் அந்தப் பக்கம், உப்புப் பூத்து எதற்கும் ஆகாமல் கிடந்த பள்ளம். அங்கே புது வாய்க்கால் வெட்டி வழிநீரைத் திருப்பியிருந்தார். கணுக்கால் அளவு தண்ணீர், இருபது அடிக்கு முப்பது அடி இருக்கும். ஓரத்தில் நாணல் வேரைப் பிடுங்கி வந்து ஊன்றியிருக்கிறார். நெடுங்கால்களோடு இரண்டு பெரியது, அவற்றின் பின்னால் பஞ்சு மாதிரி மூன்று குஞ்சு. வயலைக் கடந்து நடந்தே வந்திருக்கின்றன. எங்களைப் பார்த்ததும் ஆரம்பித்தன, கிக்-கிக்-கிக்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். எனக்கே புரிந்தது, நெய்னா பாய் பக்கத்தில் இருந்தும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை: அடுத்த வருஷம் வந்தால் எங்கே போகும்?

வீட்டுத் திண்ணைப் பக்கம் திரும்பும்போது கஹ்வா வந்தது. ஊற்றிவிட்டு, கோப்பையைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்: அடுத்த வருஷம் கொடி கொண்டுவருவாயா?

மாட்டேன் என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று கோப்பையை நீட்டினார்.